"எந்தச் செல்? யார் சொல்லி?" ரெட்டினாய்டு பாடத்தை நான் படித்த விதம்

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்தேன். ரெட்டினாய்டு என்றால் வைட்டமின் ஏ குடும்பத்துச் சேர்மங்கள், ரெட்டினாயிக் அமிலம் அதில் ஒன்று. கடைசி செமஸ்டர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), "ரெட்டினாயிக் அமிலம் தோல் செல்களைப் பெருக வைக்கும்" என்றேன். "எந்தச் செல்லை? யார் சொல்லி?" என்று அடுத்த கேள்வி வந்தது, அங்கேயே நின்றுவிட்டேன். நெட் தேர்வுக்கு இந்தப் பாடத்தை மறுபடி எடுத்தபோது அந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் படித்தேன், நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

முன்பகுதி சுலபம். ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, முதலில் ரெட்டினால்டிஹைடு ஆகும், அப்புறம் ரெட்டினாயிக் அமிலம். அது செல்லின் கருவுக்குள் ஆர்ஏஆர் என்ற ரெட்டினாயிக் அமில ஏற்பியோடு (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு) சேரும். ஆர்ஏஆரும் ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியும் ஜோடியாக டிஎன்ஏவில் உட்கார்ந்து ஜீன்களை இயக்கும். ஆர்ஏஆர் கண்டுபிடிக்கப்பட்டது 1987-ல்.

எனக்குப் புரிந்தது இதற்கு அடுத்த கட்டம், அதுவும் கோபியில் எங்கள் வீட்டு வாசலில். தங்கச்சி டாக்டர் எழுதிக்கொடுத்த ட்ரெட்டினாயின் (இதுவும் ரெட்டினாயிக் அமிலமேதான்) க்ரீம் போட்டு, மூக்கோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. காயப்போட்ட மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்த அமுச்சி, "ஏங்கண்ணு, இப்படி உரிஞ்சா தோலு தேஞ்சு போயிராதா?" என்று கேட்டார். தேயாது, மேல்தோல் தடிக்கத்தான் செய்யும். ஏன் என்று அவருக்குச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் மேல்தோலை அடுக்கடுக்காக வரைந்தேன். ரெட்டினாயிக் அமிலம் பட்டதும் மேலடுக்கிலுள்ள கெராட்டினோசைட்டுகள் (மேல்தோலின் முக்கியச் செல்கள்) ஹெச்பி-ஈஜிஎஃப், ஆம்ஃபிரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. அவை கீழே இறங்கி அடியடுக்குச் செல்களின் ஈஜிஎஃப் (மேல்தோல் வளர்ச்சிக் காரணி) ஏற்பியில் ஒட்டுகின்றன. பிரிவது அந்த அடியடுக்குச் செல்கள்தான். ஆக, சொல்வது மேலே, பிரிவது கீழே. அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போட்ட அந்த நிமிஷம்தான் வைவாவில் கேட்டது என்னவென்று எனக்கு உறைத்தது. ஈஜிஎஃப் ஏற்பியை அடைத்துவிட்டால் இந்தத் தடிப்பு குறைந்துவிடும் என்பதையும் எழுதுங்கள், அதுதான் ஆதாரம், மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

அடித்தோலில் கதை வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர் ஏபி-1 என்ற, ஜீன்களை இயக்கும் புரதத்தைத் தூண்டி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை அறுக்கும் எம்எம்பி நொதிகளைக் கூட்டும். கொலாஜன் உருவாக்கத்தைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் இரண்டாம் வகை ஏற்பியைக் குறைப்பதால் புதுக் கொலாஜனும் குறையும். ரெட்டினாயிக் அமிலம் ஏபி-1-ஐ அடக்கி இந்தச் சேதத்தைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள், மேல்தோலுக்கு ஒன்று, அடித்தோலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரையுங்கள்.