வாடகை வீட்டு விண்ணப்பமும் வீட்டுக்காரரின் இரண்டு கவலைகளும்

வாடகைக்கு வீடு தேடும்போது எத்தனை அறை வேண்டும், எவ்வளவு வாடகை கட்டுப்படியாகும், வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றெல்லாம் நாம் நெடுநேரம் கணக்குப் போடுகிறோம். வீட்டைக் கொடுப்பவருக்கு என்ன கவலை என்று யோசிப்பவர்கள் குறைவு. பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் குடியிருந்த அனுபவத்தையும், என் அத்தை தம் வீட்டை வாடகைக்கு விட்டபோது வந்த விண்ணப்பங்களை அவர் அருகில் உட்கார்ந்து படித்த அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: அவருக்கு இருந்த கவலைகள் இரண்டுதான். வாடகை மாதாமாதம் தேதி தவறாமல் வருமா? வீடு, கொடுத்த நிலையிலேயே திரும்பக் கிடைக்குமா? விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும், உடன் இணைக்கும் ஒவ்வொரு தாளும் இவ்விரண்டில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் பாரம்தான்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். மாத வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கும் கணக்கு; சில இடங்களில் வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று நிபந்தனையாகவே கேட்கிறார்கள். வீட்டைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. வருமானம் அந்த அளவை எட்டவில்லை என்றால் விண்ணப்பமே வீண் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. உடன் குடியிருக்கப்போகும் இன்னொருவரின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம், சில மாத வாடகைக்குப் போதுமான சேமிப்பு இருப்பதைக் காட்டலாம், அல்லது பிணை நிற்க ஒருவரை முன்னதாகவே கேட்டு வைத்து அவருடைய ஒப்புதல் கடிதத்தையும் இணைக்கலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. சொந்தத் தொழில் செய்பவர்களிடம் இவற்றுக்குப் பதிலாக வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். படிப்பவர் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். சம்பளச் சீட்டில் உள்ள தொகை வங்கி அறிக்கையில் அதே அளவில் வரவாகியிருக்கிறதா, எல்லாத் தாள்களிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் அவருடைய கண் நிற்கும்.

அத்தையின் மேசையில் இருந்த இரண்டு விண்ணப்பங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஒருவருக்கு நல்ல சம்பளம். ஆனால் கைபேசியில் எடுத்த படங்களை அப்படியே அனுப்பியிருந்தார். ஒரு படம் தலைகீழாக இருந்தது, இன்னொன்றில் மொத்தத் தொகை இருக்க வேண்டிய இடத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மற்றொருவர் அப்போதுதான் வேலை மாறியிருந்த பெண். சம்பளமும் முதலாமவரைவிடக் குறைவு. ஆனால் அவர் முதல் பக்கத்திலேயே, வேலை மாறிய இடைவெளியில் ஒரு மாதம் வருமானம் இல்லை என்றும், அந்த மாத வாடகையையும் குறித்த தேதியில் செலுத்திவிட்டதற்கான பதிவு நான்காம் பக்கத்தில் உள்ளது என்றும் எழுதி, நான்காம் பக்கத்தில் அந்த ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அத்தை வேறு எதையும் புரட்டாமல் அவரைத்தான் முதலில் அழைத்தார். வரும் சந்தேகத்தை நாமே முன்கூட்டிச் சொல்லி, அதற்கான சான்றையும் கையோடு கொடுத்துவிட்டால் அது சந்தேகமாகவே நிற்பதில்லை.

இரண்டாவது கவலைக்குத் தாள்களைவிட மனிதர்கள்தான் பதில் சொல்ல முடியும். முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் சிறு கடிதம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘மிகவும் நல்லவர்’ என்ற பொதுவான பாராட்டைவிட, வாடகை தாமதமானதில்லை, காலி செய்வதை முறைப்படி முன்கூட்டித் தெரிவித்தார், வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்தார் என்ற மூன்று செய்திகள் பயன்படும். வீட்டில் எத்தனை பேர் இருப்போம், நாயோ பூனையோ உண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்வதே நமக்குப் பாதுகாப்பு; மறைத்தது பிறகு தெரியவந்தால் ஒப்பந்தமே ஆட்டம் காணும்.

வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் ஒரு சிறு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதத்துக்கும் மேல், போய்விடுகிறது. ஆகவே வெறுமனே 5 சதவீதம் குறையுங்கள் என்பதைவிட, காலியாகும் தேதியிலேயே குடிவருகிறேன், குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருப்பேன் என்று சொல்லிவிட்டுக் கேட்பது எடுபடும். (சொன்னபடி இருக்க முடியும் என்றால் மட்டும்.) எல்லாத் தாள்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகத் தயாராக வைத்திருந்தால் வீட்டைப் பார்த்த அன்றே அனுப்பிவிடலாம், நல்ல வீட்டுக்கு நாலு பேர் காத்திருக்கும்போது இதுவே பாதி வேலை.

அதே அவசரத்தை மோசடிக்காரர்களும் நம்பியிருக்கிறார்கள். தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றும் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். வீட்டை உள்ளே சென்று பார்த்து, கொடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை உண்டா என்று உறுதிசெய்த பிறகே பணம் கைமாற வேண்டும். அடையாள அட்டையின் நகலில் ‘வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று தேதியுடன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தால் போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வீடு வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தாலும், நன்றி சொல்லி, அவர் பின்வாங்கினால் எனக்குத் தெரிவியுங்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முதலில் தேர்வானவர் வேறு வீடு கிடைத்துக் கடைசி நேரத்தில் விலகுவது அபூர்வமல்ல. அப்போது உரிமையாளர் மறுபடியும் விளம்பரம் கொடுக்க விரும்பமாட்டார், கையில் இருக்கும் பெயர்களைத்தான் பார்ப்பார்.