ஆறு மாதத்தில் மூன்று முறைப்பாடு

லண்டனின் புறநகர்க் கவுன்சில் ஒன்றில், சமூகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கொலை, கொள்ளை பொலிஸின் பாடு. எங்களிடம் வருவது மாடிப்படியில் கூடிநின்று கஞ்சா புகைப்பது, நடுச்சாமத்தில் பாட்டு, பெல்லை அடித்துவிட்டு ஓடுவது, குப்பைத்தொட்டிக்கு நெருப்பு வைப்பது. தனியாகக் கேட்டால் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்றிருக்கும். அதே வீட்டுப் பெல் வாரத்தில் நாலு இரவு அடித்தால் உள்ளே இருப்பவருக்கு நித்திரை ஏது?

இந்த வேலையில் பியோனா பில்கிங்டனின் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. லெஸ்டர்ஷயரில் பார்வெல் என்ற ஊர். வலது குறைந்த மகளோடு வாழ்ந்த அந்தத் தாயை அயல் இளைஞர்கள் வருடக்கணக்காக வதைத்தார்கள். அவர் பொலிஸை 30 தடவைக்கு மேல் அழைத்தும், ஒவ்வொரு அழைப்பையும் தனிச் சம்பவமாகவே பார்த்தார்கள். 2007இல் மகளின் உயிரையும் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். பொலிஸும் கவுன்சில்களும் ஒழுங்காக நடவடிக்கை எடுக்காததற்கும் இதில் பங்குண்டு என்று 2009இல் மரண விசாரணை ஜூரிகள் சொன்னார்கள்.

சமூக விரோத நடத்தை பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்குப் பல அதிகாரங்களைத் தந்தது: எச்சரிக்கை அறிவித்தல், நீதிமன்றத் தடையுத்தரவு, தொல்லைக்குரிய வீட்டையே மூன்று மாதம் வரை மூடுவது. எனக்குப் பெரிதாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு விதி. ஆறு மாதத்துக்குள் மூன்று முறைப்பாடு கொடுத்திருந்தால், எடுத்த நடவடிக்கையை பொலிஸ், கவுன்சில் உட்பட எல்லா அமைப்புகளும் சேர்ந்திருந்து மீளாய்வு செய்யும்படி பாதிக்கப்பட்டவர் கேட்கலாம்.

ஆனால் முறைப்பாடு கொடுக்கவேண்டுமே! நம்மவர்கள் கொடுப்பதில்லை. திகதி, நேரம், நடந்தது என்ன என்று எழுதும் தாளை ஒரு பிளாட்டில் தனியாக இருந்த அன்ரியிடம் கொடுத்திருந்தேன். திரும்பப் போனபோது அது வெறுமையாகவே இருந்தது.

"எழுதினா அவங்களுக்குத் தெரிஞ்சிடும் தம்பி. எங்களுக்கேன் வீண் சோலி?"

தேத்தண்ணி போட எழுந்தவரின் பின்னால் குசினிக்குப் போனேன். சுவரில் கோயில் கலண்டர். பிரதோஷத்துக்கும் சதுர்த்திக்கும் பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்து: 'பெல் 11.40'. 'யன்னலுக்கு முட்டை'. 'பெல், இரண்டு தரம்'.

"அன்ரி, இது போதும்."

அவர் சம்மதத்தோடு எல்லாவற்றையும் தாளில் ஏற்றினோம். வரிசையாகப் பார்த்தபோது, எல்லாமே கட்டடத்தின் முன்கதவுப் பூட்டு பழுதான பிறகுதான் தொடங்கியிருந்தன. கட்டடத்துக்குப் பொறுப்பான வீட்டுச் சங்கத்தை நெருக்கிப் பூட்டை மாற்றவைத்தோம். ஒரு பையன், தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற நடத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான். முட்டை நின்றுவிட்டது, பெல் இன்னும் இடைக்கிடை அடிக்கிறதாம்.

தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பெற்றோரைக் கண்டால், பொலிஸின் அவசரமல்லாத இலக்கமான 101க்கு அடித்து, முறைப்பாட்டின் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். "அடிச்சா உடன வருவாங்களோ?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் வரமாட்டார்கள். இலக்கம் கையில் இருந்தால் மூன்றில் ஒன்று ஆயிற்று.