அம்மாவுக்கு அரைக் குப்பி

பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். களை எடுக்கும்போதுகூட அம்மா கன்னத்தில் புகையிலையை அடக்கியிருப்பார். அந்தக் கன்னத்திலேயே புற்று வந்தது. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தும் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டது.

பெங்களூரு டாக்டர் நிவோலுமாப் ஊசி சொன்னார். முழு அளவுக்கு எங்களிடம் பணமில்லை என்றதும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம், கூடவே மாத்திரை என்றார். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

குப்பி 40 மில்லிகிராம். பாதி வீணாகாமல் இருக்க இரண்டு பேருக்கு ஒரே நாளில் போடுவார்கள். மறுபாதி ஓசூர்க்காரர் ஒருவருக்கு. முதல் நாள் ராத்திரியே, "அண்ணா, நாளைக்கு வர்றீங்கல்ல?" என்று கேட்டுக்கொள்வேன்.

"இந்த ஊசி கட்டியைக் கொன்னுடுமா சாமி?" என்றார் அம்மா. ஊசி கொல்லாது, கொல்வது நம் ரத்தத்தில் இருக்கும் டி செல் என்ற வெள்ளையணு. அதன் மேலுள்ள பிடி-1 என்ற இடத்தைப் புற்றுச்செல் தொட்டதும் அது அடங்கிவிடும். "தோட்டத்து நாயைத் திருடன் தடவிக்கொடுத்தா குரைக்காதில்லம்மா, அந்த மாதிரி. தடவுற இடத்தை இந்த மருந்து மூடிடும்" என்றேன். பிடி-1ஐ 1992-ல் கண்டறிந்த ஜப்பான்காரர் ஹோஞ்சோவுக்கு 2018-ல் நோபல் கிடைத்ததையும் சொன்னேன். "மகராசனா இருக்கட்டும்" என்றார்.

ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் வீட்டாரையும் கடிக்கும். நான்காவது ஊசிக்கு அப்புறம் அம்மாவுக்கு ஒரே அசதி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டார். உள்ளூரில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நானும் வயசு என்று விட்டுவிட்டேன். இன்னும் மனசு கேட்கவில்லை. பெங்களூரில் ரத்தம் பார்த்தால் தைராய்டு அடிவாங்கியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சேர்த்தார்கள், ஊசியை நிறுத்தவில்லை. இந்த ஊசி போடுபவர்கள் அசதி, வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு எது வந்தாலும் ஊசி போட்ட இடத்துக்கு உடனே சொல்லுங்கள். கடைசி ஊசிக்குச் சில மாதம் கழித்தும் இவை வரலாம்.

போன மாத ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. அம்மா இப்போது ரசஞ்சோறு தானே பிசைந்து சாப்பிடுகிறார். வியாழக்கிழமை அடுத்த ஊசி. ஓசூர் அண்ணனும் வருகிறார்.