பப்பகேனோ சொல்லிக்கொடுத்த ஜெர்மன்

வியன்னாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மன், கடையில் ரொட்டி கேட்கிற அளவுதான். மொழி வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி, "ஓபராவுக்கு வா, நின்று பார்த்தால் டிக்கெட் மலிவு" என்று இழுத்துக்கொண்டு போனாள். அரசு ஓபரா மாளிகையில் நிற்கிற இடத்துக் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட்டால் அது நம் இடம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவதேதான், என்ன, இங்கே சண்டை வருவதில்லை.

அன்று மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. 1786இல் இதே ஊரில்தான் முதலில் மேடையேறியது, ஆனால் பாடுவது இத்தாலிய மொழியில். எதிரே குட்டித் திரையில் மொழிபெயர்ப்பு. ஒரு பாட்டு முடிகிறது, வயலின்களெல்லாம் ஓய்ந்துவிடுகின்றன, ஹார்ப்சிகார்ட் என்கிற பழைய கட்டை வாத்தியம் மட்டும் அங்கங்கே 'டிங்' என்று தொட்டுக்கொடுக்க இரண்டு பேர் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், இல்லை, பாடுகிறார்கள், இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. எப்போதடா அடுத்த பாட்டு வரும் என்று காத்திருந்ததில் கதையைக் கோட்டைவிட்டேன். இடைவேளையில் அவள்தான் சொன்னாள், அதற்குப் பெயர் ரெசிட்டாட்டிவ், கதை நகர்வது பெரும்பாலும் அதில்தான் என்று. பிரபு தன்மேல் கண் வைத்திருக்கிறான் என்று சுசான்னா, தான் மணக்கப்போகும் ஃபிகாரோவிடம் சொல்வது அந்த 'டிங் டிங்'கில்; அதைக் கேட்டு அவனுக்கு வரும் கோபம்தான் பாட்டு. எங்கள் பாட்டி கூட்டிப்போன கதாகாலட்சேபத்தில் பாகவதர் பேச்சை மெல்ல ராகத்தில் இழுத்து அடுத்த கீர்த்தனைக்குள் போவாரே, அந்த ஞாபகம் வந்த பிறகுதான் காது கொஞ்சம் பழகியது.

ஆனால் எனக்கு நிஜமாகக் கதவு திறந்தது 'மந்திரப் புல்லாங்குழல்' பார்த்தபோது. வியன்னாவின் இன்னொரு ஓபரா மாளிகையான ஃபோல்க்ஸ்ஓப்பரில், ஜெர்மனில். பாட்டுக்கு நடுவே சும்மா பேசுகிறார்கள்! சிங்ஷ்பீல் என்கிற வகையாம். 1791இல் புறநகர் நாடகக் கொட்டகை ஒன்றுக்காக எழுதியது. அதை நடத்திய ஷிகனேடரே கதை வசனமும் எழுதி, பறவை பிடிக்கும் பப்பகேனோவாகவும் நடித்திருக்கிறார். பப்பகேனோ தன் மந்திர மணியோடு பாடும்போது அன்று அதை உண்மையில் வாசித்தவர் மேடைக்குப் பின்னால் இருந்தார். ஒரு நாள் மொசார்ட்டே அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே தப்பான இடத்தில் வாசிக்க, ஷிகனேடர் கையிலிருந்த மணியை ஒரு தட்டுத் தட்டி "வாயை மூடு" என்றாராம், கொட்டகையே சிரித்ததாம். மொசார்ட் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

இளவரசன் தமினோ பப்பகேனோவிடம் நீ யார் என்று கேட்கிறான். "நான் யாரா? முட்டாள்தனமான கேள்வி! உன்னைப்போல ஒரு மனிதன்." எழுத்துத் திரையைப் பார்க்காமலே புரிந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு அலுவலகத்தில் நான் யார் என்று 4 படிவங்களில் எழுதிக் கொடுத்திருந்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன், நல்லவேளை மற்றவர்களும் சிரித்தார்கள். இரவின் அரசி உச்சத்தில் பாடியபோதோ ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற வியன்னாக்காரரும் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

பேச்சைத் தள்ளிவிட்டு ரெசிட்டாட்டிவ் வைப்பதும் உண்டு. 1875இல் பாரிஸில் வசனத்தோடு வந்த 'கார்மென்'னுக்கு, அதை இயற்றிய பிசே இறந்த பிறகு, வியன்னாவில் போடுவதற்காகவே அவர் நண்பர் கிரோ ரெசிட்டாட்டிவ் எழுதினார். எனக்கு வசனம் உள்ளதுதான் பிடிக்கும். மொழி கற்கிறவளின் சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேத்தோவனின் 'ஃபிடேலியோ'வுக்கு வசனத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டிருக்கிறேன். சிறைக்குள் குழி தோண்டப் போகிற இடத்தில் பாத்திரங்கள் ஒரு வரி பேச, வாத்தியக் குழு ஒரு வரி வாசிக்க, திரும்பப் பேச்சு. இதைப் பாட்டில் சேர்ப்பதா, பேச்சில் சேர்ப்பதா? மஃப்ளரைக் கட்டிவிட்டு அந்த வகுப்புத் தோழியிடம்தான் கேட்க வேண்டும்.