480-ஐ அழிக்காமல் விட்டேன்: ஒரு எம்.இ. திட்டப்பணி அனுபவம்

எம்.இ. கடைசிப் பருவத்தில் வாய்மொழித் தேர்வுக்குப் போய் நின்றபோது, வெளித்தேர்வாளர் என் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார். எஃகின் கடின எண்களைத் தந்த ஓர் அட்டவணையில் அவர் விரல் நின்றது. "எல்லா இடத்திலும் 750, 780 என்று போகிறது. இங்கே மட்டும் ஏன் 480?" என்றார்.

அந்த வரியை நான் மூன்று முறை அழித்து, மூன்று முறை திரும்ப எழுதியிருந்தேன். அதன் பிறகு கேட்கப்பட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த எண்ணைச் சுற்றியே வந்தன. எஃகுக் கருவிகளுக்கு லேசர் மூலம் மேற்பரப்பைக் கடினமாக்கித் தேய்மானத்தைக் குறைப்பதைத் திட்டப்பணியாக எடுக்கலாமா என்று இளையவர்கள் சிலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு வந்தது கப்பலூர் தொழிற்பேட்டையில். உள்பயிற்சிக்குப் போன பட்டறையில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து வெட்டுவார்கள். தகட்டை வெட்டும் 'பஞ்ச்' என்ற எஃகு அச்சின் விளிம்பு மழுங்கியதும் தகட்டில் பிசிறு விழத் தொடங்கும். உடனே பஞ்சைக் கழற்றிச் சாணை பிடிப்பார்கள். "பாப்பா, என் சம்பாத்தியத்தில் பாதி இந்தச் சாணைக்கல்லுக்குத்தான் போகிறது" என்று உரிமையாளர் அண்ணன் சொல்வார். விளிம்பை மட்டும் கடினமாக்கினால் போதுமே என்று அங்கே தோன்றியதுதான் தொடக்கம். திட்டப்பணியின் முதல் கட்டம் கட்டுரைகள் வாசிப்பதிலேயே போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் போகும்.

உண்மையில் எனக்குப் பாடம் புரிந்தது திருப்பாச்சேத்தியில். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு கொல்லர் தாத்தாவின் பட்டறையில் ஒரு முழுக் காலைப்பொழுதும் உட்கார்ந்திருந்தேன். அரிவாளை உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சி எடுப்பார். முழுவதையும் தண்ணீரில் போட மாட்டார், வாய்ப்பகுதியை மட்டும் தோய்ப்பார். பிறகு ஒரு கல்லில் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் ஏறி வரும்போது வைக்கோல் நிறம் ஓடும். அது மயில்கழுத்து நிறத்துக்கு மாறுவதற்குள் முழுவதையும் தண்ணீரில் அமுக்கிவிடுவார். வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300-ஐ நெருங்கிவிட்டது, வாய் கடினம் இழந்து மெதுவாகிவிடும். வெப்பமானி கிடையாது. தோய்ச்சல் என்ற ஒரே சொல்லில் அவர் முடித்துவிடுகிற வேலையை நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படிக்கிறோம்.

லேசரும் செய்வது தோய்ச்சல்தான், திசை மட்டும் வேறு. கற்றை ஓடும் இடத்தில் எஃகின் மேல்தோல் அரை நொடிக்குள் ஆஸ்டெனைட் என்ற, சூட்டில் உருவாகும் மெதுவான உள்ளமைப்பாக மாறும் வெப்பநிலையைத் தாண்டுகிறது. கற்றை நகர்ந்ததும், அடியில் குளிர்ந்து கிடக்கும் பெரிய எஃகுக்கட்டி அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மேல்தோல் மார்டென்சைட் என்ற கெட்டியான உள்ளமைப்பாகிவிடும். தாத்தாவுக்குத் தண்ணீர் வெளியே இருக்கிறது, எனக்கு உள்ளே இருக்கிறது. இதற்கு எஃகில் போதிய கார்பன் இருக்க வேண்டும். 0.3 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த வித்தை பெரிதாகப் பலிக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

நான் எடுத்தது டி2 எஃகு. கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். பஞ்ச், அது இறங்கும் கீழ் அச்சான டை ஆகியவற்றைச் செய்கிறவர்களுக்குப் பழகிய சரக்கு. மென்மையாக்கிய நிலையில் ஆறு துண்டுகளை வெட்டி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் போட்டுப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டு போனேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தது. பக்கத்து இருக்கை அம்மா, தூக்கில் என்ன குழம்பு என்று கேட்டார்.

லேசர் கூடத்துக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், தேர்விலும் இது வரும். கற்றையின் விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 0.196 சதுர செ.மீ. 600 வாட் கொடுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 3,000 வாட். நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஒரு புள்ளியின் மேல் கற்றை நிற்கும் நேரம் அரை நொடி. திறன், பரப்பு, நேரம் ஆகிய இந்த மூன்றும் கைவசம் இருந்தால் தேர்வாளர் எப்படித் திருப்பிக் கேட்டாலும் தப்பிக்கலாம். மெருகேற்றிய எஃகு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் மேலே கிராஃபைட் பூச்சு அடிப்பார்கள். அதைச் சீராக அடியுங்கள்.

ஐந்து துண்டுகள் ஒழுங்காக முடிந்தன. ஆறாவதில் எனக்குப் பேராசை வந்தது. கடினமான அடுக்கு இன்னும் ஆழமாக இறங்கினால் நல்லதுதானே என்று வேகத்தை 4 மி.மீ.க்குக் குறைக்கச் சொன்னேன். கற்றை நிற்கும் நேரம் ஒன்றேகால் நொடி ஆகிவிட்டது. இயக்குபவர் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு சொன்னபடி செய்தார். வெளியே வந்த துண்டில் தடம் பளபளவென்று மின்னியது. எனக்கு மகிழ்ச்சி. மேல்தோல் உருகி உறைந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்குத் திரும்பி, துண்டுகளைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, விக்கர்ஸ் நுண்கடினமானியில் வைத்தேன். 500 கிராம் சுமை. வைரமுனை இறங்கி எழுந்ததும் கண்ணாடியில் ஒரு குட்டிச் சாய்சதுரம் தெரியும், அதன் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். நல்ல துண்டுகளில் அது ஏறக்குறைய 34 மைக்ரான் இருந்தது, அதாவது கடின எண் 780. அடிப்பகுதி எஃகு 230. ஆறாவது துண்டில் மேல்விளிம்பை ஒட்டிய சாய்சதுரம் மட்டும் வீங்கித் தெரிந்தது. 44 மைக்ரான், 480. உள்ளே 0.4 மி.மீ. ஆழத்துக்குப் போனால் மறுபடி 780. மேலே மெது, உள்ளே கெட்டி. புத்தகத்தில் உள்ள படத்துக்கு நேர் எதிர்.

முதலில் என் தவறு என்றே நினைத்தேன். பாதி சரிதான்: முதல் அழுத்தத்தை விளிம்பிலிருந்து 0.05 மி.மீ.யில் வைத்திருந்தேன், அவ்வளவு ஓரத்தில் எஃகு பிதுங்கிக்கொடுத்து எண் குறைந்துவிடும். மூலைவிட்டத்தைப் போல் இரண்டரை மடங்காவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும். 0.12-இல் வைத்து மறுபடி அளந்தேன். அப்போதும் 480-ஐ ஒட்டியே நின்றது. அந்தத் துண்டையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஐந்து துண்டுகள் அழகாக இருக்கும்போது ஆறாவது எதற்கு?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, துண்டுகளைத் தாத்தாவிடம் காட்டலாம் என்று திருப்பாச்சேத்திக்குப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் அரத்தை எடுத்தார். முதல் துண்டின் தடத்தில் அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவதில் கரகரவென்று பிடித்தது, தூள் கூட விழுந்தது. அதே இடத்தில் இன்னும் சற்று அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அரம் வழுக்கத் தொடங்கியது. "மேலே பச்சையாக நிற்கிறது தாயி, உள்ளேதான் பதம் ஏறியிருக்கிறது. ரொம்பக் காய்ச்சிவிட்டாய்" என்றார். நுண்கடினமானி சொன்னதை நம்பாத எனக்கு அரம் சொன்னதும் நம்பிக்கை வந்தது. இது அறிவியல் மாணவிக்கு அழகில்லை, தெரியும்.

காரணம் இதுதான். டி2-வில் கார்பனும் குரோமியமும் பெரும்பாலும் கார்பைடு என்ற சேர்மக் குண்டுகளாகத் தனியே கிடக்கின்றன. எஃகு உருகாமல் சூடேறினால் அந்தக் குண்டுகளில் கொஞ்சம்தான் கரையும். நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல துண்டுகளில் அவை அப்படியே வெள்ளைத் திட்டுகளாக இருந்தன. ஆறாவதின் மேல்தோலில், 0.25 மி.மீ. வரைக்கும், பெரிய குண்டு ஒன்றுகூட இல்லை; வேப்பங்கொத்துப் போலக் கிளைவிட்ட உருவங்கள் இருந்தன. உருகி உறைந்ததற்கு அதுவே சாட்சி. கார்பைடு முழுவதும் கரைந்து கார்பனும் குரோமியமும் ஆஸ்டெனைட்டுக்குள் புகுந்துவிட்டால், அது மார்டென்சைட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அறைவெப்பத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே குளிர்ந்த பிறகும் ஆஸ்டெனைட் ஆஸ்டெனைட்டாகவே எஞ்சி நிற்கிறது. அது மெதுவானது.

அப்படியானால் இன்னும் குளிர வைத்தால் மாறுமா? எங்கள் ஊர்ப்பக்கம் திரவ நைட்ரஜன் என்றால் கால்நடை மருந்தகம்தான் நினைவுக்கு வரும், சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருப்பார்கள். எனக்குக் கல்லூரியின் இயற்பியல் துறையிலேயே கிடைத்தது. மைனஸ் 196 டிகிரியில் ஊறவைத்து எடுத்தேன். 480 என்பது 540 ஆனது, அவ்வளவுதான். கரைந்திருக்கும் கார்பனும் குரோமியமும் அதை அவ்வளவு பிடிவாதமாக்கிவிடுகின்றன. உயர்ந்த வெப்பநிலையில் மறுபடி சூடாக்கிப் பதம்வாட்டியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். அதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

தேய்மானச் சோதனையில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்யப் பார்த்தேன். ஏஎஸ்டிஎம் ஜி99 என்ற தரமுறைப்படி, சோதிக்கும் எஃகில் செய்த ஊசியைச் சுழலும் தட்டின் மேல் அழுத்த வேண்டும். வழக்கமான 8 மி.மீ. விட்டமுள்ள ஊசியை எடுத்தால், 5 மி.மீ. அகலத் தடம் அதன் முகத்தை முழுவதும் மூடாது. பாதி கடினமும் பாதி மெதுவுமாகத் தேய்ந்து எண் பொய் சொல்லும். தடத்தின் நடுவிலிருந்து 3 மி.மீ. ஊசிகளை, மின்பொறியால் வெட்டும் வயர்கட்டில் எடுத்தோம். ஒவ்வொரு வகையிலும் மூன்று ஊசிகள். 30 நியூட்டன் சுமை, நொடிக்கு 1 மீட்டர், மொத்தம் 1,000 மீட்டர். தட்டு பதினாறு நிமிடம் நாற்பது நொடி சுற்றும். எடை பார்க்குமுன் அசிட்டோனில் கழுவி, இடுக்கியால் எடுங்கள். மதுரை மே மாத வியர்வையில் விரல்ரேகையே தராசை ஏமாற்றிவிடும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

சராசரி எடை இழப்பு: மென்மையான டி2 21 மில்லிகிராம், உருகாத தடம் 5, உருகிய தடம் 7. கடினம் 780-லிருந்து 480-க்கு விழுந்தும் தேய்மானம் அந்த அளவுக்குக் கூடவில்லை. 1953-இல் ஆர்ச்சர்டு தந்த சமன்பாட்டில் தேய்மானம் கடினத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் போகும். அப்படிப் பார்த்தால் 8 மில்லிகிராமுக்கு மேல் போயிருக்க வேண்டும்.

தேர்வாளர் பிடித்துக்கொண்டது இதைத்தான். "உன் ஊசி மெதுவான அடுக்கைத் தாண்டிக் கெட்டியான அடுக்குக்குள் போயிருக்கும், அதனால் குறைவாகத் தேய்ந்திருக்கும்" என்றார். பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார். கை நடுங்கியது. 7 மில்லிகிராமை அடர்த்தி 7.7-ஆல் வகுத்தால் 0.91 கன மி.மீ.; ஊசி முகத்தின் பரப்பு 7.07 சதுர மி.மீ.; ஆழம் 0.13 மி.மீ. உருகிய அடுக்கு 0.25 மி.மீ. ஆகவே ஊசி அதைத் தாண்டவில்லை. "பிறகு ஏன்?" என்றார். உராயும்போது ஏற்படும் உருச்சிதைவில் எஞ்சிய ஆஸ்டெனைட்டே கெட்டிப்படும், அதில் ஒரு பகுதி மார்டென்சைட்டாகவும் மாறக்கூடும் என்றேன். "தேய்ந்த முகத்தை எக்ஸ்-கதிரில் பார்த்தாயா?" இல்லை. இல்லை என்றே சொன்னேன். மூன்று ஊசிகளை வைத்துக்கொண்டு 5-க்கும் 7-க்கும் இடையே எவ்வளவு நம்பலாம் என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை, சிதறல் எல்லைகளைக் காட்டினேன். உங்களால் முடிந்தால் ஐந்து ஊசிகள் எடுங்கள். எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு முதல் மாதத்திலேயே வரிசையில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

தடங்களை அடுத்தடுத்து ஒட்டி ஓட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டாவது தடத்தின் சூட்டில் முதல் தடத்தின் ஓரம் வாட்டப்பட்டு மெதுவாகிவிடும். வரிவரியாகத் தேயும். இதைப் படம் போட்டுப் பழகுங்கள்.

தேர்வு முடிந்த மறுநாள் கப்பலூருக்கு இனிப்புடன் போனேன். அண்ணன் ஊசியை உருட்டிப் பார்த்தார். "எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது?" என்றார். 0.6 மி.மீ. என்றேன்.

"ஒவ்வொரு தடவை சாணை பிடிக்கும்போதும் பஞ்ச் முகத்தில் 0.2 எடுத்துவிடுவேனே, பாப்பா."

மூன்று சாணையில் என் இரண்டு பருவ வேலை தூளாகிவிடும். முழுக்கட்டியையும் உலையில் போட்டு ராக்வெல் என்ற இன்னொரு கடின அளவில் 58, 60-க்குக் கடினமாக்குகிற அவருடைய பழைய வழியில் எத்தனை முறை தீட்டினாலும் அடியில் அதே கடினம்தான் இருக்கும். உலையில் நுழையாத, நுழைந்தால் கோணிப்போகிற பெரிய டைகளுக்குத்தான் லேசர் சரியான கருவி. அவருடைய பஞ்சுக்கே வேண்டுமென்றால் முகத்தை விட்டுவிட்டுப் பக்கச்சுவரில் தடம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் முகத்தைத் தீட்டத் தீட்டக் கடினமான விளிம்பு மேலே வந்துகொண்டிருக்கும். தேர்வாளர் கேட்காமல் விட்ட கேள்வி இது. அறிக்கையை அன்றைக்கே தைக்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்தி, 'மேற்கொண்டு செய்ய வேண்டியவை' என்ற பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன்.