கறள் இறுகிய நட்டும் மொறிஸ் மைனர் எஞ்சினும்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் நிற்கும் பழைய மொறிஸ் மைனர் கார் நாலைந்து வாடைக்காலம் கண்டுவிட்டால், எஞ்சினின் புகைக்குழாய்த் தொகுதியான எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட்டைப் பிடிக்கும் நட்டும், அது ஏறும் புரிக்கம்பியான ஸ்டட்டும் ஒரே கட்டியாகிவிடும். வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு, வறண்ட கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்த பிறகும் புரிக்குள் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். இரும்பு கறளாகும்போது பருக்கும். புரிகளுக்கு நடுவே அதற்கு இடமில்லை, அதனால்தான் அந்த இறுக்கம். கைப்பலத்தால் இதை வெல்லப் பார்த்தால் ஸ்டட்தான் முறியும்.

ஸ்பனரிலிருந்தே கவனம் வேண்டும். மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் 5/16 அங்குல யு.என்.எஃப். (நுண்புரி) நட்டுக்கு 1/2 அங்குல ஏ.எஃப். (எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) சொக்கட், அதாவது 12.7 மில்லிமீற்றர். இன்றைய கராஜ்களில் கைக்கு அகப்படுவது 13. அந்த 0.3 மில்லிமீற்றர் ஆட்டம் போதும், நட்டின் மூலைகள் வழிந்துவிடும். ஆறு மூலைச் சொக்கட்டே நல்லது. பன்னிரண்டு மூலை நட்டின் நுனிகளை மட்டும்தான் பிடிக்கும். மூலை ஏற்கெனவே வழிந்திருந்தால் 12 மில்லிமீற்றர் ஆறு மூலைச் சொக்கட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம்.

நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் புரியைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேயுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வரவேண்டிய பாதையே அதுதான். பிறகு ஓட்டோ கியர் கார்களின் கியர்பெட்டிக்கு ஊற்றும் ஒயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விடவேண்டும். காலை மாலை நாலைந்து துளி, மூன்று நாள். துளி விட்டதும் நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வில் கறள் வெடிக்கும், ஒயில் உள்ளே இறங்கும்.

கழற்றத் தொடங்கும்போது முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பாருங்கள். அசைவு கிடைத்தால் கால் சுற்றுத் தளர்த்தி, அரைக்கால் சுற்றுத் திரும்பி, ஒயில் விட்டு மறுபடி. கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டவேண்டாம், கைக்கு உணர்வு போய்விடும். ரப்பர் போல இழுபட்டால் நட்டு சுற்றவில்லை, ஸ்டட் முறுகுகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிடவேண்டும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றி வந்தால் கவலையே இல்லை, வரட்டும்.

இதற்கும் மசியாவிட்டால் சூடு. மைனரில் எஸ்.யு. கார்பரேட்டர் மனிஃபோல்ட்டோடு ஒட்டியே நிற்பதால் அதைக் கழற்றி, பெற்றோல் குழாயை அடைத்து, அசிட்டோன் ஈரத்தை முழுக்கத் துடைத்த பிறகே நெருப்பு. ஸ்டட்டை விட்டு நட்டை மட்டும் மங்கிய சிவப்பாகும்வரை சுடுங்கள். சிவப்பு அடங்கியதும் மெழுகுதிரியைப் புரியில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்படும். தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும்.

எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டின் மூடிக்குக் கதை வேறு. அது அலுமினியம்; மூன்று எஃகு ஸ்டட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள் இறுகி, நட்டுகள் கழன்ற பிறகும் மூடி அசையாது. ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் மூடி வெடிக்கும், அது உட்காரும் எஞ்சின் மேற்பாகமான ஹெட்டின் முகமும் கீறுப்படும். ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைத் திருப்பி ஸ்டட்டையே வெளியே எடுக்கப் பாருங்கள். கொதிநீரும் உதவும், ஏனென்றால் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஒன்றும் சரிவராவிட்டால் மூடியை அறுத்துவிடுங்கள். புது மூடி கிடைக்கும், நல்ல ஹெட் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

ஸ்டட் முறிந்து கொஞ்சம் வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் திருப்புங்கள். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே முறிந்தால் சரிநடுவில் புள்ளி குத்தி 3 மில்லிமீற்றர் துளையில் தொடங்கி, இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட்டால் பெருப்பியுங்கள். பல தடவை அதுவே கௌவிக் கழற்றிவிடும். துளைக்குள் இறக்கி முறிந்த துண்டைத் திருப்பி எடுக்கும் மெல்லிய எக்ஸ்ட்ராக்டரைத் தவிர்க்கச் சொல்வேன். கடின எஃகு அது. அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் இறங்காது.

திரும்பப் பூட்டும்போது எக்ஸோஸ்ட்டுக்குப் பித்தளை நட்டு, புரிக்குச் செப்பு கிறீஸ். கிறீஸ் பூசிய புரி சுலபமாக இறங்கும், அதனால் வழக்கமான இறுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். எஞ்சினை ஒருமுறை சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.