50 ஆம்பியர் மோட்டாரும் கெட்டுப்போன ஒரு லக்கும்

பழவேற்காட்டு ஏரியில் ஓட்டும் என் பன்னிரண்டடி ஃபைபர் படகில் 12 வோல்ட் மின் மோட்டார் பொருத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. முழு வேகத்தில் அது 50 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருக்கிறது. நானும் மோட்டாரும் பின்பக்கம் இருப்பதால், எடையைச் சமன்செய்யப் பேட்டரியை முன்பக்கம் வைத்தேன். போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் என 10 சதுர மி.மீ. செம்புக் கேபிளை இழுத்தேன்.

கணக்குப்படி அந்தக் கேபிளில் 0.7 வோல்ட் இறங்க வேண்டும். முழு வேகத்தில் அளந்தபோது 1.2 வோல்ட் இறங்கியிருந்தது. மீதி அரை வோல்ட்டைத் தேடிக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாக மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்த லக்கில்தான், அதாவது கேபிள் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனையில்தான், அது அகப்பட்டது. தொட்ட விரலை உடனே எடுக்கும்படி அந்த லக் சுட்டது. அரை வோல்ட்டை 50 ஆம்பியரால் பெருக்கினால் 25 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பேட்டரியின் தலையில் எரியவிட்டதற்குச் சமம். மேலுறையை அறுத்துப் பார்த்தபோது, குறடால் நசுக்கிய செம்பிழைகளில் பாதி லக்கைத் தொடவே இல்லை. உப்பு ஈரம் ஏறி மற்றவற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

என்னை உண்மையில் கலங்கவைத்தது வேறொன்று. என்னிடம் 60 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது, பேட்டரிக்குள் அதைக் காக்கும் மின்னணுச் சுற்றான 100 ஆம்பியர் பி.எம்.எஸ். இருந்தது, ஆனால் ஓடியது மோட்டாருக்கு உரிய 50 ஆம்பியர் மட்டுமே என்பதால், லக் உருகித் தீப்பிடித்திருந்தாலும் இரண்டுமே அசைந்திருக்காது. இணைப்பின் தரத்துக்கு நாம்தான் காவல்.

இப்போது வெள்ளீயம் பூசிய 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டு, லக்குகளை ஹைட்ராலிக் கருவியால் அறுகோணமாக அழுத்தி, உள்ளே பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறையால் மூடியிருக்கிறேன். சால்டரிங்கை மட்டும் நம்பவில்லை. மூட்டு சூடேறினால் ஈயம் இளகும், அது ஊறி விறைத்த இடத்தில் படகின் அதிர்வுக்குக் கம்பி முறியும்.

ஃபியூஸையும் மாற்றினேன். மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்சான வீட்டு எம்.சி.பி.யே போதும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அது ஏசிக்கானது, பேட்டரி தருவது டிசி. ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி எளிதில் அணையும், டிசியில் அந்த உதவி இல்லை. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளவும் கூடும். ஆகவே டிசி வோல்ட் மதிப்பும், எத்தனை ஆம்பியர் வரை பத்திரமாகத் துண்டிக்கும் என்ற திறனும் அச்சிடப்பட்ட ஃபியூஸை வாங்கி, பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்தினேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள கேபிளுக்கு ஃபியூஸின் பாதுகாப்பு கிடையாது.

நேற்று அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியபின் மொத்த இறக்கம் 0.36 வோல்ட், லக்குகள் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பேட்டரிப் பெட்டியை வார் போட்டு இறுக்கும் வேலையும், பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி போடும் வேலையும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கின்றன.